பயத்துக்கு மெட்டுப் போட்ட மூன்று நிமிடம்

கிரீன் டே குழுவின் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டும், அது படமாக்கப்பட்ட மனநலக் காப்பகமும்

முதல் வரி தொடங்கும்போது டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து அடிக்கும் ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிடார். அதன் மேல், மூக்கடைத்ததுபோல் ஒலிக்கும் ஓர் இளைஞனின் குரல். என் புலம்பலைக் கொஞ்சம் கேட்பாயா என்கிற தோரணையில்தான் பாட்டே ஆரம்பிக்கிறது. அரை நிமிடம் அந்தக் குரல் தனியாகவே பேசிக்கொண்டு போகிறது. முதல் கோரஸின் நடுவில் டிரம்ஸும் பேஸும் வந்து சேர்கின்றன. அதற்கப்புறம் பாட்டுக்கு மூச்சுவிட நேரமில்லை. நிமிடத்துக்குச் சுமார் 170 தட்டு என்ற வேகத்தில் ஓடி, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

1994-ல் அமெரிக்க ரேடியோக்களில் இந்தப் பாட்டு ஓயாமல் ஒலித்தது. பில்போர்டின் 'மாடர்ன் ராக்' பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இங்கிலாந்தில் முதலில் வந்தபோது அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1995 ஜனவரியில் மறுபடி வெளியிட்டார்கள், ஏழாம் இடத்துக்கு ஏறியது. பள்ளி மாணவர்கள் குதித்துக் குதித்து ஆடினார்கள். கிடார் கையில் எடுத்த பையன்கள் எல்லோரும் முதலில் வாசிக்கக் கற்றுக்கொண்ட பாட்டுகளில் ஒன்றாகவும் அது ஆனது.

இத்தனை கும்மாளத்துக்கு நடுவே பாட்டு சொல்லும் விஷயம் என்ன? காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது, மனசு என்னையே ஏமாற்றுகிறது, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா, இல்லை போதையில் இப்படித் தோன்றுகிறதா என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். நம்மூரில் 'கழண்ட கேஸ்' என்று சொல்வார்களே, அதுதான் தலைப்பு. அந்தப் பெயரை அவன் அடுத்தவருக்குச் சூட்டவில்லை, தனக்கே சூட்டிக்கொள்கிறான். முப்பது வருடத்துக்கும் மேல் இந்தப் பாட்டு உயிரோடு இருப்பதற்கு அந்த நேர்மைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ரோடியோவிலிருந்து கில்மன் தெருவுக்கு

பாடி, கிடார் வாசித்து, பாட்டையும் எழுதியவர் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங். 1972-ல் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வடகிழக்கில் ரோடியோ என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். ஊரை ஒட்டியே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அப்பா லாரி ஓட்டியவர், ஜாஸ் டிரம்ஸும் வாசிப்பார். பில்லி ஜோவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1982 செப்டம்பரில், அப்பாவைப் புற்றுநோய் கொண்டுபோனது. ஆறு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அம்மா உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்த வருமானத்திலும் மகனுக்கு ஒரு நீல நிற கிடார் வாங்கிக் கொடுத்தார். ஃபெர்னாண்டஸ் கம்பெனி கிடார், கிடார் ஆசிரியரிடமிருந்து வாங்கியது. 'பாஸ்கெட் கேஸ்' வீடியோவில் ஸ்டிக்கர் ஒட்டி, பெயின்ட் உரிந்து, பில்லி ஜோவின் கழுத்தில் தொங்குவது அதே கிடார்தான். அதற்கு 'ப்ளூ' என்று பெயரும் வைத்திருக்கிறார்.

பள்ளித் தோழன் மைக் டர்ன்ட் பேஸ் எடுத்தார். 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் 1987-ல் பில்லி ஜோவின் அம்மா வேலை பார்த்த விடுதியிலேயே முதல் மேடை ஏறினார்கள். பிறகு பெயர் 'கிரீன் டே' ஆனது. 1990-ல் டிரே கூல் டிரம்ஸுக்கு வந்தார். அவருடைய அப்பா ஒரு பழைய நடமாடும் நூலக வண்டியை வாங்கி, அதைச் சரிசெய்து, பையன்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தானே ஓட்டிக்கொண்டு போனார். 

இவர்களுக்கு வீடுபோல இருந்தது பெர்க்லியில் 924, கில்மன் தெரு. தொண்டர்கள் சேர்ந்து நடத்தும் இசைக்கூடம். எல்லா வயதினரும் வரலாம். குடி, போதை, சண்டை கூடாது. நிறவெறி, பெண்களை இழிவுசெய்வது, தன்பாலின ஈர்ப்பாளரை வெறுப்பது எதற்கும் இடமில்லை. இதோடு இன்னொரு கறாரான விதி: பெரிய இசைக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்ட குழு அங்கே வாசிக்கக் கூடாது. பங்க் இசை என்பது கம்பெனி முதலாளிகளிடம் கைநீட்டாத இசை என்று அங்கே இருந்தவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

லுக்அவுட் என்ற சின்ன நிறுவனம் கிரீன் டேயின் முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. இரண்டாவது ஆல்பம் 'கெர்ப்ளங்க்' நன்றாகப் போனது. பெரிய கம்பெனிகள் தேடி வந்தன. 1993-ல் வார்னரைச் சேர்ந்த ரிப்ரைஸில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றோடு கில்மன் கதவு அவர்களுக்கு மூடிக்கொண்டது. தங்களை வளர்த்த இடத்தில் துரோகி என்ற பெயர். பில்லி ஜோ சாக வேண்டும் என்று கழிப்பறைச் சுவரில் யாரோ எழுதிவைத்தார்கள். அப்போது அவருக்கு 21 வயது.

பெயர் தெரியாத பயம்

பில்லி ஜோவுக்கு வந்துகொண்டிருந்தது பேனிக் அட்டாக். அது என்ன? ஒன்றுமே நடக்காத நேரத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடம்பு அபாயச் சங்கு ஊதுகிறது. இதயம் தடதடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை விரல் மரத்துப்போகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. உயிர் போகப்போகிறது அல்லது புத்தி பேதலிக்கப்போகிறது என்று தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், மெல்ல இறங்கும். பிறகு, அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். இந்தப் பயமே ஒரு வியாதியாக மாறும்போது அதை பேனிக் டிஸார்டர் என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றதே 1980-ல்தான். எண்பதுகளில் ரோடியோ மாதிரி ஒரு தொழிற்சாலை ஊரில் அப்பாவை இழந்த பையனுக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றே அவர் நினைத்தார். வியாதியின் பெயர் அவருக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து.

பாட்டின் முதல் வடிவம் வேறு. பில்லி ஜோவே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது: மெத் போதையில் இருந்தபோது ஒரு காதல் கதையை இந்த மெட்டில் எழுதினார். எழுதும்போது உலகத்திலேயே சிறந்த பாட்டாகத் தோன்றியது. போதை இறங்கியதும் வரிகளைப் பார்த்தால் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். மெட்டு மட்டும் மிச்சம். பிறகு அதே மெட்டில் தன் பயத்தை எழுதினார். தனக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த மெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹெல்பெல்லின் 'கேனன்' உலகம் முழுக்கக் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அதன் கார்ட் வரிசையும் 'பாஸ்கெட் கேஸ்' கார்ட் வரிசையும் முதல் ஆறு கார்டுகள் வரை ஒன்றேதான். மேற்கத்திய காதுகளுக்கு அது ஆறுதலான, சுபமான வரிசை. அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே காதுக்குத் தெரியும். அந்த நிச்சயத்தின் மேல், எதுவுமே நிச்சயமில்லாத ஒருவனின் வரிகளை வைத்தார் பில்லி ஜோ. சோகமான மெட்டில் இதே வரிகளைப் பாடியிருந்தால் இரக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே கேட்பவரும் கூடச் சேர்ந்து கத்துகிறார். தனியாக அறையில் நடுங்குகிற ஒருவனுக்கு, ஆயிரம் பேர் அதே பயத்தைக் கூட்டாகக் கத்துவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இரண்டாவது சரணத்தில் இன்னொரு துணிச்சல் இருக்கிறது. கதாநாயகன் முதலில் ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறான், அவர் பெண். அடுத்து பாலியல் தொழில் செய்யும் ஒருவரிடம் போகிறான், அவர் ஆண். போகிறபோக்கில், ஒரே ஒரு சுட்டுப்பெயரில் இது வந்துவிடும். கவனிக்காதவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். பில்லி ஜோ அதைத் தெரிந்தேதான் அப்படி எழுதினார். ஆண், பெண் இருபாலர் மீதும் தனக்கு ஈர்ப்பு உண்டு என்று 1995-ல் 'தி அட்வகேட்' பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். பாட்டோடு நிற்கவும் இல்லை. புகழ் உச்சிக்கு ஏறிய 1994 சுற்றுப்பயணத்தில், தன்பாலின ஈர்ப்பாளர்களின் பங்க் குழுவான 'பேன்ஸி டிவிஷ'னைத் தங்களுக்கு முன்னால் மேடையேற்றினார்கள். அவர்கள் வாசிக்கக் கூடாதென்றால் நாங்களும் வாசிக்கமாட்டோம் என்று நின்றார்கள். கில்மன் வாசலில் எழுதியிருந்த விதிகளை கில்மனை விட்டு வெளியேறிய பிறகும் அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

இந்தப் பாட்டு இடம்பெற்ற 'டூக்கி' ஆல்பத்தைத் தயாரித்தவர் ராப் கவல்லோ. பெர்க்லியின் ஃபேன்டஸி ஸ்டுடியோவில் சில வாரங்களிலேயே ஒலிப்பதிவு முடிந்தது. முதல் மிக்ஸிங் குழுவுக்குப் பிடிக்கவில்லை. ஜெர்ரி ஃபின் என்ற இளைஞரை வைத்து மறுபடி செய்தார்கள். 'டூக்கி' 1994 பிப்ரவரி 1 அன்று வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டுமே ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது.

வெறிச்சோடிய கட்டடத்தில் ஒரு படப்பிடிப்பு

வீடியோவை இயக்கியவர் மார்க் கோர். இதற்கு முன் 'லாங்வியூ' பாட்டுக்கு, குழுவினர் குடியிருந்த வீட்டின் அடித்தளத்திலேயே கேமராவை வைத்து எடுத்துக் கொடுத்தவர். 'பாஸ்கெட் கேஸ்' பாட்டை மனநலக் காப்பகம் ஒன்றில் எடுக்க வேண்டும் என்று கேட்டது குழுதான். கிடைத்த இடம், சான் ஹோசே பக்கத்தில் சாண்டா கிளாரா மாவட்டத்து ஆக்னியூஸ். செட் இல்லை, நிஜமான காப்பகம். அதில் கைவிடப்பட்டிருந்த ஒரு பகுதி.

படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு வண்ணம் ஏற்றினார்கள். அதனால்தான் அந்தப் பச்சையும் ரோஸும் நீலமும் நிஜத்தில் எங்குமே இல்லாத அளவுக்குக் கண்ணைப் பறிக்கின்றன. முகத்தின் நிறம்கூட இயல்பாக இல்லை. பதற்றம் உச்சியில் இருக்கும்போது சுற்றியுள்ள எல்லாமே போலியாகத் தோன்றும் என்று நோயாளிகள் சொல்வதுண்டு. தெரிந்து செய்தார்களோ இல்லையோ, இந்த வண்ணம் அந்த உணர்வுக்கு மிக அருகில் போய்விட்டது. டிரே கூலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து டிரம்ஸ் முன்னால் நிறுத்துகிறார்கள். மாத்திரைகள் வரிசையாக விநியோகமாகின்றன. முகமூடி அணிந்த நோயாளிகள் நடமாடுகிறார்கள். டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' படத்து முகமூடிகளை நினைவுபடுத்துபவை அவை. மிலோஷ் ஃபோர்மனின் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்தின் சாயலும் காட்சிக்குக் காட்சி தெரிகிறது. நடுவில் பில்லி ஜோவின் கண்கள். இமைக்காமல், பிதுங்குவதுபோல் விரிந்த அந்தக் கண்களை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க முடியாது.

மனநலக் காப்பகத்தை வேடிக்கைப் பொருளாக்கிய படங்களும் பாட்டுகளும் எந்த நாட்டிலும் ஏராளம். இந்த வீடியோ அந்த வரிசையில் சேருமா? இதை எனக்குள் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். சேராது என்பதே என் முடிவு. மூன்று பேரில் ஒருவர்கூட டாக்டராகவோ வார்டனாகவோ வேடிக்கை பார்க்க வந்தவராகவோ வரவில்லை. மூவருமே நோயாளிகள். பாட்டில் பில்லி ஜோ தன்னை எந்த இடத்தில் வைத்தாரோ, வீடியோவும் அவரை அங்கேயே வைக்கிறது. 

ஆனால் ஆக்னியூஸின் நிஜக் கதையை அந்த வீடியோ தொடவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நான் முடிக்க முடியாது.

அது 1880-களில் கலிஃபோர்னியா அரசு கட்டிய 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'. 1906 ஏப்ரல் 18-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவை அழித்த பூகம்பம் இதையும் விடவில்லை. பிரதானக் கட்டடம் இடிந்து விழுந்து நோயாளிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். பிழைத்தவர்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். பிறகு கட்டும்போது பழையபடி ஒரே பூதாகாரமான கட்டடமாகக் கட்டாமல், வெளிச்சமும் காற்றும் வருகிற உயரம் குறைந்த கட்டடங்களாகக் கட்டினார்கள். அக்காலத்துக்கு அது ஒரு நல்ல மாற்றம்.

1967-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். மனநோயாளிகளை அவர்கள் சம்மதமில்லாமல் காலவரையின்றி அடைத்துவைப்பதற்கு அது கடிவாளம் போட்டது. நோக்கம் நியாயமானது. காப்பகங்கள் காலியாகத் தொடங்கின. ஆக்னியூஸில் மனநோய்ப் பிரிவு எழுபதுகளின் தொடக்கத்திலேயே மூடப்பட்டு, அது அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான மையமாக மாறியது. ஆனால் வெளியே வந்த நோயாளிகளுக்கு ஊருக்குள் போதிய வைத்தியமும் வீடும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் தெருவுக்கு வந்தார்கள். 1994-ல் கேமரா உள்ளே போனபோது அந்தப் பகுதி வெறிச்சோடிக் கிடந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. நோயாளிகளின் கோப்புகள், பல் அச்சுகள், சுவரில் ஆழமாக விழுந்த கீறல்கள் எல்லாம் அப்படியே கிடந்தன என்று மைக் டர்ன்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தக் கீறல்களைப் போட்ட விரல்களுக்கு உரியவர்களின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வளாகத்தின் மேற்குப் பகுதி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனிக்குப் போனது. பிறகு ஆரக்கிள் கைக்கு மாறியது. மணிக்கூண்டுக் கட்டடம், பழைய அரங்கம் உள்ளிட்ட சில கட்டடங்களை மட்டும் வரலாற்றுச் சின்னமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

பாட்டு ஜெயித்த பிறகு

1994 ஆகஸ்ட் 14 அன்று, நியூயார்க் மாநிலத்து சாகர்ட்டீஸில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் கிரீன் டே மேடையேறியது. மழையில் மைதானமே சேறு. கூட்டம் மேடையை நோக்கிச் சேற்றை வாரி அடிக்க, பில்லி ஜோவும் திருப்பி அடிக்க, கடைசியில் மேடையும் கீழும் ஒன்றாகிவிட்டன. மைக் டர்ன்டை ரசிகர் என்று நினைத்துக் காவலர் ஒருவர் பாய்ந்து தள்ளியதில் அவருடைய பல் உடைந்தது. டி.வி.யில் இதைப் பார்த்தவர்கள் மறுநாள் 'டூக்கி'யைத் தேடிப் போய் வாங்கினார்கள்.

1995 எம்.டி.வி. விருதுகளில் ஆண்டின் சிறந்த வீடியோவுக்கான பட்டியலில் 'பாஸ்கெட் கேஸ்' இருந்தது. விருது டி.எல்.சி. குழுவின் 'வாட்டர்ஃபால்ஸ்' வீடியோவுக்குப் போனது. அதே வருடம் 'டூக்கி'க்கு கிராமி கிடைத்தது.

விருதும் விற்பனையும் பில்லி ஜோவின் பயத்தைத் தீர்த்துவைக்கவில்லை. 1995 அக்டோபரில் வந்த அடுத்த ஆல்பத்துக்கு 'இன்சோம்னியாக்' என்று பெயர், தூக்கம் தொலைந்தவன். கில்மன் தன்னை ஒதுக்கிவைத்த வேதனைக்கு அதில் ஒரு பாட்டையே எழுதினார். 1996-ல் உடம்பும் மனசும் ஓய்ந்துபோய், ஐரோப்பியப் பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். 2012 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் மேடையில் கிடாரை உடைத்துவிட்டு இறங்கியவர், நேராகப் போதை மீட்புச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டு எழுதினால் வியாதி குணமாகிவிடும் என்று கலைஞர்களைப் பற்றி நாம் நினைத்துக்கொள்வது தவறு. பாட்டு கேட்டவர்களுக்குத் துணையாக இருந்தது. எழுதியவருக்கு வைத்தியமும் தேவைப்பட்டது.

கில்மனோடு இருந்த மனக்கசப்பு தீரவும் காலம் பிடித்தது. 2015 மே மாதம், தீ விபத்தில் பாதிக்கப்பட்ட சுதந்திரப் பதிப்பாளர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக, இருபது வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கிரீன் டே அந்தச் சின்னக் கூடத்தில் வாசித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர்களை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருந்தார்கள். இரண்டில் எது பெரிய கௌரவம் என்று கேட்டால், நான் கில்மனைத்தான் சொல்வேன்.

'டூக்கி'க்கு மிக்ஸிங் செய்த ஜெர்ரி ஃபின்தான் 1999-ல் பிளிங்க்-182 குழுவின் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' ஆல்பத்தைத் தயாரித்தார். அங்கிருந்து பாப் பங்க் உலகம் முழுக்கப் பரவியது. 2025 மார்ச்சில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் நடந்த லோலாபலூசா விழாவில் கிரீன் டே முதல் முறையாக இந்தியாவில் வாசித்தது. 'டூக்கி' வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் இன்று அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்கிறார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் முதலில் வீடியோவைப் போடாதீர்கள். 'டூக்கி' ஆல்பத்தில் ஏழாவது பாட்டு. ஹெட்போனில், அந்த முதல் அரை நிமிடத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். வீடியோவை அப்புறம் பாருங்கள்.

கேட்கும்போது, இது எனக்கும் நடக்கிறதே என்று யாருக்காவது தோன்றினால், தயங்காமல் ஒரு டாக்டரிடம் போங்கள். இதயக் கோளாறு எதுவும் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மனநல மருத்துவரைப் பாருங்கள். பேனிக் டிஸார்டருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இரண்டும் நன்றாகவே பலன் தருகின்றன. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.